கபடியில் பட்ட அடி, ஓடும்போது வலிப்பது ஏன்?

கே: இருபது வயதில் கபடி ஆடும்போது வலது முழங்கால் திரும்பிக்கொண்டது. கட்டு போட்டுச் சரியானது. இப்போது வயது 46. கல்லணைக் கால்வாய்க் கரையில் 3 கி.மீ. ஓடினால் மறுநாள் மூட்டு வீங்குகிறது. ஓடி ஓடித்தான் தேய்ந்துவிட்டதா? (தஞ்சாவூர்)

ப: ஓட்டத்தின் மேல் பழி போடாதீர்கள். அளவாக ஓடுவதால் மட்டும் நல்ல மூட்டு தேய்வதில்லை. பழைய அடியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பாதம் தரையில் ஊன்றியிருக்க உடம்பு மட்டும் திரும்பும்போதுதான் கபடியில் முன் குறுக்கு ஜவ்வு (ஏ.சி.எல்.) அறுகிறது. கட்டு போட்டால் வீக்கம் வற்றும், நடக்கவும் வரும். முழுதாக அறுந்த ஜவ்வு பெரும்பாலும் பழையபடி சேராது. பிடிமானம் இல்லாத மூட்டு உள்ளே சறுக்கிச் சறுக்கி மெனிஸ்கஸை (மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் சவ்வு) கிழிக்கும். 10, 20 ஆண்டுகளில் குருத்தெலும்பும் தேயும்.

எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது, எம்.ஆர்.ஐ. வேண்டியிருக்கும். அதற்கும் முன்னால் எலும்பு மருத்துவர் மூட்டைக் கையால் அசைத்துப் பார்க்கட்டும். படியிறங்கும்போது கால் நழுவினாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலோ தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டிலேயே ஒன்று பாருங்கள். முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 செ.மீ. மேலே இரு தொடைகளின் சுற்றளவையும் அளக்கவும். வலது 1 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் தசை வற்றியிருக்கிறது. மூட்டு வாங்கும் அதிர்ச்சியில் பெரும்பங்கை ஏற்க வேண்டியது அந்தத் தசைதான். வீக்கம் முழுக்க வற்றிய பிறகு, நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் எழுந்து மெதுவாக உட்காருங்கள்: 8 முறை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முடியாவிட்டால் இரு காலிலும் எழுந்து, ஒற்றைக் காலில் உட்காரலாம்.

மருத்துவர் சரி என்றபின் 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என 8 முறை. வலி 10-க்கு 3-ஐத் தாண்டக் கூடாது, மறுநாள் காலை வீக்கமும் கூடாது. வந்தால் முந்தைய அளவுக்கு இறங்குங்கள். காலடியைக் குறுக்குங்கள். நிமிடத்துக்கு 160 அடி வைப்பவர் 170 வைத்தால் முழங்காலில் விழும் சுமை குறையும்.

கே: ஃபுட்பால் ஆடிய நாளிலிருந்து வலது கணுக்கால் அடிக்கடி பிசகுகிறது. கணுக்கால் உறை போட்டு ஓடலாமா? (மன்னார்குடி)

ப: துணி உறை பிசகலைத் தடுக்காது. கயிறு கட்டும் பிரேஸ் ஓரளவு தாங்கும். சுளுக்கு ஆறினாலும் பாதம் சாய்வதை உடனே உணர்ந்து தசையை இறுக்கும் திறன் மழுங்கியிருக்கும். தானாகத் திரும்பாது, பழக்க வேண்டும். பல் துலக்கும்போது வலது காலில் 30 விநாடி நில்லுங்கள். சுலபமானதும் மடித்த துண்டின் மேல். பிறகு சுவர் பக்கத்தில் கண்ணை மூடி. பழைய சைக்கிள் டியூபைக் கட்டில் காலில் மாட்டி, பாதத்தை வெளிப்பக்கம் இழுப்பது 15 முறை, 3 சுற்று.

பலர் கவனிக்காதது ரோட்டின் சரிவு. எதிரே வரும் வண்டியைப் பார்த்து வலது ஓரத்தில் ஓடுவது சரிதான், ஆனால் தார்ச்சாலை ஓரம் தாழ்ந்திருப்பதால் வலது பாதம் பிசகும் திசையிலேயே சாயும். உங்களுக்குப் பள்ளி மைதானமே நல்லது. மழை பெய்த மறுநாள் களிமண் கரைப்பக்கம் போகவே வேண்டாம்.

கே: வயது 52. காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே நரம்பு விறைக்கிறது. (திருவாரூர்)

ப: அது நரம்பல்ல, கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண். குதி எலும்பிலிருந்து 2 முதல் 6 செ.மீ. மேலே வலித்தால், படி விளிம்பில் முன்பாதம் ஊன்றிக் குதிகாலை மெதுவாக இறக்குங்கள். முழங்காலை நீட்டி 15 முறை 3 சுற்று, மடக்கி அதே அளவு, தினம் இருவேளை, 12 வாரம். எலும்பை ஒட்டியே வலித்தால் படியில் இறக்காமல் சமதரையில் செய்யுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்குத் தசைநாண் அறுவது உண்டு; மருத்துவரிடம் சொல்லுங்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் இருந்து, நுனிக்காலில் எழ முடியாவிட்டால் அன்றே மருத்துவமனை.

கே: ஓடுவதற்கு முன் டைக்ளோஃபினாக் வலி மாத்திரை போடலாமா? (மயிலாடுதுறை)

ப: வேண்டாம். வலி மறைவதால் அளவு தெரியாமல் ஓடிவிடுவீர்கள். சித்திரை வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தையும் கெடுக்கும்.