கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் கேட்டு வாங்குங்கள்: விமானத் தாமதம், ரத்து – கேள்வி பதில்

திருச்சி விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டருக்குப் பின்னால் நின்று வருடக்கணக்கில் திட்டு வாங்கியவன் நான். இப்போது காரைக்குடியில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். நம் பக்கத்தில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பதால் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். இந்திய விதி என்று நான் சொல்வதெல்லாம் டிஜிசிஏ, அதாவது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் போட்டிருக்கும் விதி.

தேவகோட்டையிலிருந்து ஒருவர்: திருச்சி–சென்னை விமானம் ரத்து என்று கிளம்புவதற்கு நாலு மணி நேரத்துக்கு முன்னால்தான் எஸ்எம்எஸ் வந்தது. மறுநாள் விமானத்தில் மாற்றிக் கொடுத்தார்கள், போய்விட்டோம். பத்தாயிரம் நஷ்ட ஈடு உண்டு என்கிறார்களே, கேட்கலாமா?

அண்ணே, மாற்று விமானத்தை ஒப்புக்கொண்டு ஏறியபோதே அந்தப் பணம் கைநழுவிவிட்டது. விதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். ரத்து செய்வதை இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும். அது முடியாவிட்டால் கிளம்பும் நேரத்துக்கு 24 மணி நேரம் முன்பாவது சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால், நீங்கள் ஏற்கும் மாற்று விமானம் தர வேண்டும், இல்லையென்றால் டிக்கெட் பணம் முழுவதையும் திருப்பித் தந்து அதற்கு மேல் நஷ்ட ஈடும் தர வேண்டும். இரண்டில் ஒன்றுதான்.

தொகை பறக்கும் நேரத்தைப் பொறுத்தது. ஒரு மணி நேரம் வரை 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. இதெல்லாம் உச்சவரம்புதான். உங்கள் டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகைதான் வரும். டிக்கெட்டுக்கு 4,100 கொடுத்திருக்கிறீர்கள், அதில் வரியும் விமான நிலையக் கட்டணமும் போக 2,900தான் அடிப்படை என்று வைத்துக்கொள்வோம். மாற்று விமானம் வேண்டாம் என்றிருந்தால் உங்களுக்கு வந்திருப்பது 2,900, கூடவே டிக்கெட் பணம் 4,100. பத்தாயிரம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

அவரே மறுபடி: எங்கள் மருமகனுக்கு எஸ்எம்எஸ்கூட வரவில்லையே?

டிக்கெட்டில் யாருடைய நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் தொழிலில் சிலர் பயணியின் நம்பருக்குப் பதிலாகத் தங்கள் நம்பரையே போட்டுவிடுகிறார்கள். தொடர்பு விவரம் சரியாகக் கொடுக்காதவருக்கு நஷ்ட ஈடு தர வேண்டியதில்லை என்று விதியிலேயே இருக்கிறது. யாரிடம் டிக்கெட் எடுத்தாலும், என்னிடம் எடுத்தாலும்தான், உங்கள் செல் நம்பரும் மின்னஞ்சலும் ஏறியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

புதுவயல்: மதுரையில் ஐந்து மணி நேரம் உட்காரவைத்தார்கள். ஒரு தண்ணீர் பாட்டில்தான் கொடுத்தார்கள். தாமதத்துக்கு எவ்வளவு பணம்?

பணம் கிடையாது. நம் நாட்டு விதியில் தாமதம் எவ்வளவு நீண்டாலும் ரொக்க நஷ்ட ஈடு என்று ஒன்று இல்லை. சாப்பாடு உண்டு, சில சமயம் ஹோட்டல் உண்டு, டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2024 நவம்பரில் டிஜிசிஏ நிறுவனங்களுக்குச் சொன்ன கணக்கு இது: இரண்டு மணி நேரம் வரை தண்ணீர், இரண்டிலிருந்து நான்கு வரை காபி அல்லது டீயோடு சிற்றுண்டி, நான்கைத் தாண்டினால் சாப்பாடு. உங்களுக்குச் சாப்பாடே கொடுத்திருக்க வேண்டும். கூப்பன் கவுண்டரில் இருக்கும், கேட்டவருக்குத்தான் கிடைக்கும். நான் உள்ளே இருந்தபோதும் அப்படித்தான். வரிசையில் முதலில் வந்து கேட்ட நாலு பேருக்குக் கொடுப்போம், பின்னால் கோபமாக உட்கார்ந்திருப்பவர்களைத் தேடிப் போக ஆள் இருக்காது.

உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால், ஆறு மணி நேரத்துக்குள் வேறு விமானமோ முழுப் பணமோ, எது வேண்டும் என்று அவர்கள் உங்களைக் கேட்க வேண்டும்.

கானாடுகாத்தான், வயதான ஆச்சி ஒருவர்: ராத்திரி பதினோரு மணிக்குத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் விமானம். காலையில்தான் போகும் என்றார்கள். நாற்காலியிலேயே படுத்திருந்தேன், இடுப்பு போய்விட்டது. ரூம் கேட்டிருக்கலாமா?

கேட்டிருக்கலாம் ஆச்சி. இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் ஹோட்டல் அறையும், போகவர வண்டியும் அவர்கள் பொறுப்பு. பகல் விமானம் என்றால் 24 மணி நேரம் தாண்ட வேண்டும். இதில் அவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலை, ஐந்தரை மணி நேரம் என்று ஒருமுறை அறிவித்துவிட்டு அப்புறம் இரண்டு மணி நேரம் கூட்டுவது. அதனால் ஒவ்வொரு அறிவிப்பையும் பலகையோடு சேர்த்துப் பேரனைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். அறை தரவில்லை என்றால் நீங்களே போட்டுத் தங்கி, ரசீதை வைத்துக்கொண்டு பிறகு கேட்கலாம்.

கண்டனூர்: மதுரையில் போர்டிங் பாஸ் கேட்டபோது சீட் நிரம்பிவிட்டது என்று ஏற்ற மறுத்துவிட்டார்கள்.

சரியான நேரத்துக்குப் போய், உறுதியான டிக்கெட்டும் கையில் இருந்தால் உங்கள் பக்கம் பலமானது. முதலில் தாங்களாகவே விட்டுக்கொடுப்பவர் யாராவது உண்டா என்று கேட்க வேண்டும். யாரும் முன்வராமல் உங்களை நிறுத்தினால், ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானத்தில் ஏற்றினால் பணமில்லை. 24 மணி நேரத்துக்குள் ஏற்றினால் அடிப்படை, எரிபொருள் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு, 10,000 வரை. அதற்கும் மேல் போனால் நான்கு மடங்கு, 20,000 வரை. மாற்று விமானமே வேண்டாம் என்றாலும் டிக்கெட் பணத்தோடு அந்த நான்கு மடங்கு உண்டு. ஆனால் ஏன் ஏற்றவில்லை என்பதை எழுதி வாங்குங்கள். தாமதமாக வந்தார் என்று கணினியில் ஒரு வரி போட்டுவிட்டால் மொத்தமும் போச்சு.

கோட்டையூர்: கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வர ஆறு மணி நேரத் தாமதம். இந்திய விதியா, மலேசிய விதியா?

அங்கிருந்து கிளம்பியதால் மலேசிய விதியைப் பிடியுங்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், பயணம் வேண்டாம் என்பவருக்கு முழுப் பணமும் 30 நாளுக்குள், கட்டிய வழியிலேயே திரும்ப வேண்டும். வவுச்சரைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். சிங்கப்பூரில் இப்படித் தொகை குறித்த சட்டம் இல்லை. அங்கே மான்ட்ரியல் உடன்படிக்கை, அதாவது விமானப் பயணத்துக்காகப் பல நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தம்தான் வழி: தாமதத்தால் உண்மையில் செலவான பணத்தை ரசீதோடு நிரூபித்துக் கேட்க வேண்டும்.

ஆத்தங்குடி: மகன் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து வளைகுடா நிறுவனத்தின் விமானத்தில், தோஹா வழியாகச் சென்னை வந்தான். தோஹாவில்தான் தாமதம், ஐந்து மணி நேரம் பிந்தி வந்து சேர்ந்தான்.

ஒரே டிக்கெட்டா? அப்படியென்றால் 600 யூரோ கேட்கச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் பயணம் எந்த நாட்டு நிறுவனத்தில் இருந்தாலும் அவர்கள் சட்டத்துக்குள் வரும். கடைசி ஊரை எத்தனை மணிக்கு அடைந்தார் என்பதுதான் கணக்கு. மூன்று மணி நேரம் பிந்தினாலே நஷ்ட ஈடு உண்டு. 3,500 கிலோமீட்டருக்கு மேல் என்றால், நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ பிந்தினால் 600, அதற்குள் என்றால் பாதியாகக் குறைக்கலாம். இயந்திரக் கோளாறு என்று சொல்லித் தப்பிக்க முடியாது, அது பொதுவாக நிறுவனத்தின் பொறுப்பு என்றே அங்குள்ள நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. திரும்பிப் போகும்போது அதே வளைகுடா நிறுவனம் தாமதித்தால் இந்தச் சட்டம் உதவாது. ஐரோப்பிய நிறுவனத்தில் போனால் உதவும். பங்கு கேட்கும் ஏஜென்சிகளிடம் போகும் முன் நிறுவனத்தின் தளத்தில் நேரடியாகக் கேட்டுப் பாருங்கள்.

பள்ளத்தூர்: தை மாதம் காசிக்குப் போகிறோம், நகரத்தார் சத்திரத்தில் தங்க ஏற்பாடு. டெல்லி பனிமூட்டத்தில் விமானம் நின்றால்?

பனிமூட்டம், புயல், கலவரம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு உத்தரவு எல்லாம் நிறுவனத்தின் கையில் இல்லாதவை. நஷ்ட ஈடு கிடையாது. ஆனால் விமானத்தையே ரத்து செய்தால் டிக்கெட் பணமோ மாற்று விமானமோ உங்கள் விருப்பம்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் பனியால் தாமதமாகும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ரத்து செய்துகொள்ளலாம் என்று 2024 ஜனவரியில் டிஜிசிஏ அனுமதித்தது, அதனால் செல்லை அணைத்து வைக்காதீர்கள். பெரியவர்களை அழைத்துப் போகிறீர்கள், டெல்லியில் அதிகாலை விமானத்தைத் தவிர்த்து மதியத்துக்குப் போடுங்கள்.

ராயவரம்: கல்யாணத்துக்காக வந்தபோது பெட்டி வரவே இல்லை. உள்ளே பட்டுச்சேலைகள், கொஞ்சம் வெள்ளிச் சாமான்.

பெல்ட்டை விட்டு வெளியே வருவதற்கு முன் பிஐஆர் என்ற புகார்ச்சீட்டு போட்டீர்களா? அது இல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டால் பேச்சு சிக்கலாகும். வெளிநாட்டுப் பயணத்தில் பெட்டி சேதமென்றால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். 21 நாள் ஆகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கருதலாம். மான்ட்ரியல் உடன்படிக்கையின் வரம்பு இப்போது 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். உள்நாட்டுப் பயணத்தில் வரம்பு 20,000தான். நாலு பட்டுச்சேலைக்குக் காணாது. கழுத்திரு, வைரத்தோடு, வெள்ளி எதையும் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. வேறு வழியில்லை என்றால், கொடுக்கும்போதே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்ட வழி இருக்கிறது, கவுண்டரில் கேளுங்கள்.

திருப்பத்தூர்: பெங்களூர்–சென்னை தாமதம், சென்னை–சிங்கப்பூர் விமானம் போய்விட்டது. இரண்டும் தனித்தனி டிக்கெட்.

தம்பி, தனித்தனி என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். ஒரே டிக்கெட்டில் போட்டிருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்ற வேண்டியது அவர்கள் பாடு. வராத பயணியானாலும் வரி, விமான நிலையக் கட்டணங்களைத் திரும்பக் கேளுங்கள். ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டிலும் அது உங்கள் பணம். பல பேர் கேட்பதே இல்லை.

கொத்தமங்கலம்: கேட்டும் தரவில்லை. டெல்லிக்கா போய் வழக்குப் போட முடியும்?

வேண்டியதில்லை. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல், டிக்கெட், போர்டிங் பாஸ், போட்டோக்களோடு. பதில் சரியில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார். அப்புறமும் நகரவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். டிஜிசிஏ விதியில் இல்லாத மன உளைச்சல், முகூர்த்தம் தவறியது, வீணான மண்டபச் செலவு போன்றவற்றையும் அங்கே கேட்கலாம். போகும்போது மின்னஞ்சல்களை அச்செடுத்து, தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு போங்கள்.