ஜப்பானின் வகாகோ சுச்சிடாவை பாரா தடகளத்தில் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

கோடைக்கால, குளிர்காலப் பாராலிம்பிக் இரண்டிலும் தங்கம் வென்ற முதல் ஜப்பானியர் என்பதுதான் வழக்கமான பதில். அது உண்மைதான்.

17 வயதில் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டது. முதலில் இறங்கியது தடகளத்தில் அல்ல, ஐஸ் ஸ்லெட்ஜ் பந்தயத்தில். பனிக்கத்தி பொருத்திய சறுக்குவண்டியில் உட்கார்ந்து, இரு கைகளிலும் கூர்முனைக் குச்சிகளால் பனியை உந்தி ஓட்ட வேண்டும். 1998 நாகானோ குளிர்காலப் பாராலிம்பிக்கில் 2 தங்கம், 2 வெள்ளி. அதோடு அந்தப் பந்தயமே பாராலிம்பிக்கிலிருந்து காணாமல் போனது. தோள்பலம்தான் இருக்கிறதே, சக்கர நாற்காலிப் பந்தயத்துக்கு வந்துவிட்டார். 2000 சிட்னி மாரத்தானில் வெண்கலம், 2004 ஏதென்ஸில் 5000 மீட்டர் தங்கம், மாரத்தான் வெள்ளி. 2007 முதல் 2011 வரை பாஸ்டன் மாரத்தானில் தொடர்ந்து 5 வெற்றிகள்.

எனக்கு அவருடைய தோல்விகள்தான் இன்னும் சுவாரசியம். 2008 பெய்ஜிங்கில் 5000 மீட்டரில் பல வண்டிகள் மோதிக்கொண்டதில் காயம், மாரத்தானும் போச்சு. 2016 ரியோ மாரத்தானில் 42 கிலோமீட்டர் ஓட்டி 4-வது இடம். தங்கத்துக்கும் அவருக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு நொடிதான்! வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். இவரோ நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லானும் பழகி, டோக்கியோ பாராலிம்பிக்கில் அதிலும் மாரத்தானிலும் இறங்கினார். மாரத்தானில் மறுபடி 4-வது. 2024 பாரிஸிலும் மாரத்தான் ஓட்டினார், 49 வயதில்.