கறுப்புக் காரில் போர் தண்ணீர்ப் புள்ளிகளும் அலாய் வீலில் பழுப்புக் கறையும்

வணக்கம். போர் தண்ணீரில் கழுவிய உங்கள் கறுப்புக் காரில் படிந்த வெண்புள்ளிகள் ஷாம்பூவுக்கு அசையவில்லை என்றும், முன்பக்க அலாய் வீல்களில் பழுப்புக் கறை ஏறியிருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தப் புள்ளிகள் அழுக்கல்ல. உப்பு நீர் வெயிலில் காய்ந்தபோது தங்கிவிட்ட சுண்ணாம்புப் படிவு. ஆகவே, அழுத்தித் தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும். வெள்ளை வினிகரையும் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரையும் சம அளவில் கலந்து, நிழலில் நன்றாக ஆறிய பெயின்ட்டின் மீது மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி, ஒரு நிமிடத்துக்குள், காய விடாமல், நிறைய நீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். அதற்கும் போகாத புள்ளி மேற்பூச்சையே அரித்திருக்கக்கூடும். அதற்குப் பாலிஷ்தான் வழி.

வீலில் இருப்பது, பிரேக்கிலிருந்து சூடாகத் தெறித்து ஒட்டித் துருவேறிய இரும்புத் துகள். முன்பிரேக்குகளே அதிகம் உழைப்பதால் அங்கே மிகுதியாகத் தெரிகிறது. அமிலமில்லாத அயர்ன் ரிமூவரை (இரும்புத் துகளை நீக்கும் திரவம்) ஆறிய வீலில் தெளித்தால், அது இரும்போடு வினைபுரிந்து ஊதா நிறமாகும், காய்வதற்குள் கழுவிவிடுங்கள். வீலைத் துடைத்த துணியைத் தயவுசெய்து பெயின்ட்டில் வைக்காதீர்கள்; அதில் சிக்கிய துகள் கீறும் ஒவ்வொரு கோடும் கறுப்பு நிறத்தில் பளிச்சென்று தெரியும். இனிக் கழுவியவுடன் ஈரத்தைத் துடைத்து, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வாக்ஸ் பூசி வாருங்கள்.