வீட்டை ஈடு வைத்து மகனைப் போர்முலா 4 ஓட்ட அனுப்பலாமா?

கேள்வி: பண்டாரவளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். வயது 51. மகனுக்கு 16. சிறு வயதிலிருந்தே கார்ட் (சிறிய ரேஸ் வண்டி) ஓட்டுகிறான், பண்டாரகமவில் நடக்கும் போட்டிகளில் கிண்ணங்கள் வாங்கியிருக்கிறான். இந்தியாவில் நடக்கும் போர்முலா 4 கார் ரேஸ் சம்பியன்ஷிப்பில் ஒரு சீசன் ஓட ஓர் அணி 95,000 டொலர் கேட்கிறது. கையெழுத்து வைக்கும்போதே 40 வீதம் கட்ட வேண்டும். என்னிடம் நிலையான வைப்பில் 90 இலட்சம் ரூபாய் இருக்கிறது. மீதிக்கு வீட்டை ஈடு வைத்து 2 கோடி எடுக்கலாம் என்று நினைக்கிறேன். வங்கியில் 13 வீத வட்டி, 10 வருடம் என்றார்கள். கடையில் எல்லாச் செலவும் போக மாதம் மூன்றரை இலட்சம் மிஞ்சும். மகள் அடுத்த வருடம் உயர்தரம் எழுதுகிறாள். வீட்டு உறுதி மனைவியின் பெயரில் இருக்கிறது. அவள் சம்மதிக்கவில்லை, பேசிச் சமாளிக்கலாம். பிள்ளையின் எதிர்காலத்துக்குப் போடும் முதலீடுதானே இது?

பதில்: ஐயா, வீட்டை ஈடு வைக்காதீர்கள். மகனின் ஓட்டத்தை நிறுத்தவும் வேண்டாம். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் ஈடு வைத்தால்தான் ஓட முடியும் என்ற முடிவோடு நீங்கள் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அது அப்படியல்ல.

முதலில் கடன் கணக்கு. 2 கோடி ரூபாயை 13 வீத வட்டிக்கு 10 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 2 இலட்சத்து 98,600 ரூபாய். கடையில் மிஞ்சுவது மூன்றரை இலட்சம். தவணை போக வீட்டுக்கு வருவது 51,000 ரூபாய் அளவில்தான். வைப்புப் பணத்தையும் அணிக்குக் கொடுத்துவிடுவதால் அதன் வட்டியும் நின்றுவிடும். அந்த 51,000இல் சாப்பாடு, மின்சாரம், மகளின் டியூஷன், மருந்துச் செலவு எல்லாம் நடக்க வேண்டும். பத்து வருடத்தில் நீங்கள் கட்டி முடிப்பது கிட்டத்தட்ட 3 கோடி 58 இலட்சம். கடைசித் தவணை கட்டும்போது உங்களுக்கு 61 வயது, மகனுக்கு 26. அவன் ஓடிய சீசன் முடிந்து ஒன்பது வருடம் ஆகியிருக்கும்.

தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, ஈடு வைத்த சொத்தை வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலே ஏலத்தில் விற்கலாம். பராட்டே என்று நம் வியாபாரிகள் பயந்து பேசுவது இதைத்தான். 2022 நெருக்கடிக்குப் பிறகு நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடைக்காரர்கள்கூட இதில் சொத்தை இழக்கும் நிலைக்கு வந்தார்கள். கட்டட வேலை நின்றால் முதலில் அடி விழுவது சிமெந்தும் கம்பியும் விற்கிற கடைக்கு. டித்வா புயலுக்குப் பிறகு மலைநாட்டில் பாதைகள் துண்டிக்கப்பட்டுக் கிடந்த நாட்கள் உங்களுக்குத் தெரியும். சரக்கும் வராது, வாங்க ஆளும் வராது. ஆனால் தவணைத் திகதி மட்டும் வரும்.

மனைவியின் கையெழுத்து பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் எனக்கு மிகவும் கவலை தந்தது. உறுதி அவருடைய பெயரில் இருக்கிறது. பெரும்பாலும் அது அவருடைய பிறந்த வீட்டாரின் உழைப்பாக இருக்கும். பேசிச் சமாளித்து வாங்குகிற கையெழுத்து, மகன் ஒரு சுற்றுப் போட்டியில் பின்னால் வந்து முடித்த அன்றே வீட்டுக்குள் சண்டையாக மாறும். அதன் பாரம் அந்தப் பிள்ளையின் தலையில்தான் விழும். அவர் மறுப்பதற்கு ஒரு காரணம் வைத்திருப்பார். அதைக் கேட்டு எழுதி வையுங்கள். இந்தக் கணக்கில் அதுவும் ஓர் இலக்கம்.

இது முதலீடா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, செலவு. பிள்ளைக்கு விருப்பமான, அவனுக்கு நிறையக் கற்றுக்கொடுக்கிற, மதிப்பான செலவு. ஆனால் திரும்பி வராது. போர்முலா 4 என்பது சர்வதேச மோட்டார் வாகன சம்மேளனம் 2014இலிருந்து நாடு நாடாக நடத்த அனுமதித்த, போர்முலா 1ஐ நோக்கிய முதல் படி. 15 வயது நிரம்பியவர்கள் ஓடலாம். சம்பியன் ஆனால் சூப்பர் லைசென்ஸுக்கு (போர்முலா 1 ஓட்டும் அனுமதிப்பத்திரம்) 12 புள்ளி கிடைக்கும், போர்முலா 1 போட்டியில் ஓட 40 புள்ளி வேண்டும். கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசியாவின் இளையோர் தொடரான போர்முலா ஆசியாவை அவர் வென்றது 1996இல். போர்முலா 1இல் ஜோர்டான் அணியில் ஓடியது 2005இல். இடையில் ஒன்பது வருடம். அவருடைய அப்பாவும் ராலி ஓட்டுநர், பின்னால் டாடா போன்ற பெரிய நிறுவனமும் கைகொடுத்தது. நம் நாட்டிலிருந்தும் யெவன் டேவிட் ஐரோப்பாவுக்குப் போய் யூரோபோர்முலா ஓப்பன் என்ற தொடரில் ஓடியிருக்கிறார். ஆகவே முடியாத காரியம் என்று நான் சொல்லமாட்டேன். இந்தப் பாதையில் 95,000 டொலர் என்பது முதல் வருடத்துப் பணம் மட்டும்தான் என்பதைத்தான் சொல்கிறேன். ஈடு வைத்து முதல் வருடத்தை ஓடிவிட்டால் இரண்டாம் வருடத்துக்கு எதை வைப்பீர்கள்?

டொலரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 95,000 டொலர் 2 கோடி 85 இலட்சம். உங்கள் 90 இலட்சமும் வங்கியின் 2 கோடியும் சேர்ந்தால் 2 கோடி 90 இலட்சம். மிச்சம் 5 இலட்சம். முன்பணம் 40 வீதம் போனால் இன்னும் கட்ட வேண்டியது 57,000 டொலர். ரூபாய் பத்து ரூபாய் இறங்கினாலே 5 இலட்சத்து 70,000 கூடுதலாக வேண்டும், அந்த மிச்சம் போதாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அன்று இதே ஒப்பந்தம் கையில் இருந்திருந்தால் 1 கோடி 90 இலட்சமாக இருந்த தொகை இரண்டரை மாதத்தில் 3 கோடி 42 இலட்சமாகியிருக்கும். திரும்பவும் அப்படி நடக்கும் என்று நான் குறி சொல்லவில்லை. ரூபாயில் சம்பாதித்து டொலரில் கடமைப்படுகிறவர் நடக்கும் என்றே வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நீங்கள் அனுப்பிய அணியின் விலைப்பத்திரத்தை வரி வரியாகப் பார்த்தேன். முதல் பக்கத்தில் கார் வாடகை, மெக்கானிக், எஞ்சினியர், போட்டி நுழைவுக் கட்டணம். மூன்றாம் பக்கத்தின் அடியில், மற்ற எழுத்தைவிடச் சிறியதாக, ‘சேதம் உண்மைச் செலவின்படி’ என்று ஒரே ஒரு வரி. ஐயா, ஒப்பந்தத்தின் உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது. கார்டிலிருந்து வரும் பிள்ளை முதல் வளைவில் முன்னால் போகிற காரின் பின்சில்லில் முட்டுவது சாதாரணமாக நடக்கும். முன் இறக்கை உடையும், காரின் மூக்கு போகும், சஸ்பென்ஷன் கை வளையும். அணி உதிரிப்பாகத்தின் விலையை எழுதி அன்று இரவே கையில் தரும். அந்தப் பணம் கட்டினால்தான் மறுநாள் கார் தடத்துக்கு இறங்கும். உங்கள் கையில் மிஞ்சிய 5 இலட்சம் இதற்கும் வேண்டும், விமான டிக்கெட்டுக்கும் வேண்டும், ஹோட்டலுக்கும் வேண்டும். ஒரு சுற்றுக்கு இவ்வளவுக்கு மேல் சேதச் செலவு கேட்கமாட்டோம் என்று உச்சவரம்பு எழுதித் தராத அணியோடு கையெழுத்து வைக்காதீர்கள். டெஸ்ட் நாட்கள் (போட்டியில்லாத பயிற்சி ஓட்டம்) எத்தனை, புது டயர் எத்தனை செட் என்றும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது எதுவும் சேராது.

சுற்று தள்ளிப்போனால் என்ன என்பதும் எழுதப்பட வேண்டும். 2023 டிசம்பர் 9, 10ஆம் திகதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய வீதித் தடத்தில் இந்தியப் போர்முலா 4 நடக்க இருந்தது. மிக்ஜாம் புயல் வந்து நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. அந்தத் தடத்தில் கார்கள் ஓடியது 2024 ஓகஸ்ட் கடைசியில்தான். தொடர்களே காணாமற் போவதும் உண்டு. 2003இல் போர்முலா பி.எம்.டபிள்யூ ஆசியா என்று தொடங்கியது பின்னர் பசிபிக் என்று பெயர் மாறி, ஜே.கே. ரேசிங் ஆசியா தொடராகி, 2012ஓடு முடிந்துபோனது. தென்கிழக்காசியப் போர்முலா 4 2016இல் தொடங்கி 2019ஓடு நின்று, 2023இல்தான் திரும்ப வந்தது. ஆகவே ‘இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைத்தால் 10 வீதம் குறைப்போம்’ என்று அவர்கள் சொல்வதைத் தொடவே வேண்டாம். பணத்தைச் சுற்றுக்குச் சுற்று பிரித்துக் கட்டுவதாகக் கேளுங்கள். 40 வீத முன்பணம் உங்களுக்கு அதிகம்.

பணம் அனுப்புவதை வங்கியின் வெளிநாட்டுச் செலாவணிப் பிரிவு வழியாகவே செய்யுங்கள். அணியின் இன்வொய்ஸோடு முன்கூட்டியே போய் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேளுங்கள். உண்டியலில் (வங்கிக்கு வெளியே, ஆள் மூலம்) அனுப்பினால் நாலு ரூபாய் மிஞ்சும் என்று யாராவது சொல்வார்கள். அணி ஏமாற்றினால் உங்கள் கையில் ஒரு துண்டு ரசீதும் இருக்காது. சாதாரணப் பயணக் காப்புறுதி பெரும்பாலும் ரேஸ் காயத்துக்குப் பணம் தராது. அதைத் தனியாக விசாரித்து வாங்குங்கள்.

சரி, என்னதான் செய்யலாம்? உங்கள் 90 இலட்சத்தில் 30 இலட்சம் மகளுக்கு. உயர்தரம் முடிந்து தனியார் பட்டப்படிப்பு என்று வந்தால் அது வேண்டும். தம்பியின் கனவுக்காக அக்காவின் படிப்பைக் கைவைக்கக் கூடாது. 25 இலட்சம் கடைக்கும் வீட்டுக்குமான அவசரப் பணம். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான், அதனால் எல்லாவற்றையும் ஒரே நிதி நிறுவனத்தில் கூடிய வட்டிக்காகப் போட்டுவைக்காதீர்கள். மிஞ்சுவது 35 இலட்சம், ஏறக்குறைய 11,600 டொலர். முழுவதும் போனாலும் குடும்பம் ஆடாமல் நிற்கும் என்ற தொகை இதுதான். மகனுக்கு இதைக் கொடுங்கள், மனமாரக் கொடுங்கள்.

இதில் என்ன கிடைக்கும்? ஒரு முழுச் சீசன் கிடைக்காது. ஆனால் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலோ கோயம்புத்தூரின் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ சில டெஸ்ட் நாட்களுக்கு விலை கேட்கலாம். அவன் கார்ட் ஓட்டுகிற பிள்ளையா, கார் ஓட்டுகிற பிள்ளையா என்பது அங்கே தெரிந்துவிடும். அணியின் எஞ்சினியரிடம் அவனுடைய லாப் நேரத்தையும் (தடத்தை ஒருமுறை சுற்ற எடுத்த நேரம்), அதே காரில் அதே நாளில் அனுபவசாலி ஓட்டிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டு வாங்குங்கள். அனுசரணை கேட்கப் போகும்போது அந்தக் காகிதம் கிண்ணங்களைவிடப் பேசும். இந்திய தேசியத் தொடரில் எல்ஜிபி போர்முலா 4 என்று ஒரு பிரிவும் இருக்கிறது. மாருதி சுவிஃப்ட் எஞ்சின் பூட்டிய, செலவு குறைந்த ஒற்றை இருக்கை கார். பெயர் ஒத்திருந்தாலும் சூப்பர் லைசென்ஸ் புள்ளி தருகிற போர்முலா 4 அது அல்ல. ஆனால் பழகுவதற்கு நல்ல இடம். அங்கே ஒரு சீசனுக்கு என்ன ஆகும் என்று இரண்டு அணிகளிடமாவது கேளுங்கள்.

மீதியை அனுசரணையில் எடுக்க வேண்டும், இதில் உங்களுக்கு மற்றப் பெற்றோருக்கு இல்லாத ஒரு பலம் இருக்கிறது. நீங்கள் பெயின்ட், பி.வி.சி. குழாய், சிமெந்து, டைல்ஸ் கம்பெனிகளின் டீலர். அந்தக் கம்பெனிகள் டீலர் கூட்டத்துக்கும் விளம்பரத்துக்கும் வருடா வருடம் பணம் ஒதுக்குகின்றன. உங்கள் ஏரியா சேல்ஸ் மனேஜருக்கு உங்களைத் தெரியும், நேரத்துக்குப் பணம் கட்டுகிற கடை என்றும் தெரியும். அவரிடம் உதவி என்று கேட்காதீர்கள். காரின் பக்கத்தில் பெயர், டீலர் கூட்டத்தில் மகனும் ஹெல்மெட்டும், ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் ஒரு கார் கண்காட்சி என்று பொருளாக எழுதிக்கொண்டு போங்கள். 1930களிலிருந்து மகாகஸ்தொட்ட மலையேற்ற ஓட்டம் நடக்கிற ஊர் அது. தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் மோட்டார் ஓட்டம் பார்க்க மலைநாடே திரண்டிருக்கிறது. மோட்டார் ரேஸுக்குக் கூடுகிற கூட்டம் நம் பக்கத்தில் இருக்கிறது, கம்பெனிகளுக்கும் அது தெரியும். வருகிற பணத்துக்கு வரி எப்படி என்று உங்கள் கணக்காளரிடம் முதலே கேட்டுவிடுங்கள்.

என் அளவுகோல் இது: முழுச் சீசன் செலவில் மூன்றில் இரண்டு பங்கு அனுசரணையாக எழுத்தில் வந்து, மீதி உங்கள் 35 இலட்சத்துக்குள் அடங்கினால் கையெழுத்து வையுங்கள். இப்போதைய 95,000 டொலருக்கு அது அடங்காது, மூன்றில் ஒரு பங்கே 95 இலட்சம். ஆகவே இந்த வருடம் இந்த அணியோடு இல்லை. அவர்கள் இம்மாதக் கடைசிக்குள் முன்பணம் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். டெஸ்டுக்கு மட்டும் விலை தரும்படி பதில் எழுதுங்கள்.

மகனுக்கு 16 வயது. ஓடப்போகிறவன் அவன். இந்தக் கணக்கைப் போடும் இரவில் அவனையும் அம்மாவையும் அக்காவையும் மேசையில் உட்காரவையுங்கள். விலைப்பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தை அவனே வாசிக்கட்டும்.