சீமெந்து முற்றத்தில் சாடித் தோட்டம்: முதலில் வேரின் சூட்டைத் தணியுங்கள்

கேள்வி: யாழ்ப்பாணம் கொக்குவிலில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பின்பக்கம் பத்தடிக்கு எட்டடியில் சீமெந்து போட்ட முற்றம் மட்டும்தான். மதியத்துக்குப் பிறகு மேற்கு வெயில் நேராக விழும். போன பங்குனியில் கறுப்பு பிளாஸ்டிக் சாடிகளில் தக்காளியும் மிளகாயும் வைத்தேன். காலை மாலை தண்ணீர் ஊற்றியும் தக்காளிப் பூவெல்லாம் கொட்டிப்போனது, மிளகாய் வாடிச் செத்தது. திரும்பவும் தொடங்கலாமா?

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். உங்கள் கையில் பிழையில்லை. சாடியும் மாதமும்தான் பிழை.

நிலத்தில் நிற்கும் செடிக்கு, மேலே எவ்வளவு வெயில் எரித்தாலும் ஒரு சாண் கீழே மண் குளிர்ந்திருக்கும். சாடியில் அந்த வசதி இல்லை. பின்னேர வெயில் கறுப்புச் சாடியின் பக்கத்தில் அடிக்கிறது. சீமெந்துத் தரையோ பகல் முழுக்க வாங்கிய சூட்டை இரவு வரை விட்டுக்கொண்டிருக்கிறது. நடுவில் வேர் வேகிறது. வெந்த வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. செடி வாடும், தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம், சூடான ஈரத்தில் வேர் அழுகிவிடும். உங்கள் மிளகாய் பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்கும். இனி மதியத்தில் இலை தொங்கினால் உடனே வாளியைத் தூக்காதீர்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள், பொழுதுபட இலை தானாக நிமிரும்.

சூட்டைக் குறைக்கப் பெரிய செலவில்லை. ஒவ்வொரு சாடியையும் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடியால் காற்று போகட்டும். கறுப்புச் சாடிகளுக்கு வெள்ளைப் பெயின்ற் அடியுங்கள். சாடிகளை நெருக்கி, பெரியவை மேற்கிலும் சிறியவை அவற்றின் நிழலிலும் வருமாறு அடுக்குங்கள். மேற்குப் பக்கத்தில் ஒரு கிடுகுத் தட்டி கட்டினால் பாதி வேலை முடிந்தது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சாடி மண்ணைக் காயவைக்கும் காற்றையும் அதே தட்டி தடுக்கும்.

புதிதாக வாங்குவதென்றால் மண்சாடி நல்லது. சுவரால் ஈரம் கசிந்து ஆவியாவதால் உள்ளே குளிர்ச்சி இருக்கும். ஆனால் தண்ணீர் அதிகம் கேட்கும். 20 லீற்றர் வெள்ளைப் பெயின்ற் வாளியை நன்றாகக் கழுவி, அடியில் ஆறேழு துளை போட்டால் தக்காளிக்கும் கத்தரிக்கும் போதும். மிளகாய்க்கு 10 லீற்றர் போதும். கீரைக்கு ஒரு சாண் ஆழமுள்ள எதுவும் சரி. அரிசிப் பையில் மட்டும் நடவேண்டாம். எங்கள் வெயிலுக்கு அது சில மாதங்களில் நைந்து, துகள் துகளாக மண்ணில் கலந்துவிடும்.

நம் செம்மண்ணைத் தனியே சாடியில் போட்டால் கல்லாக இறுகிவிடும். மண், நன்கு உக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு, தும்புச்சோறு (தேங்காய்த் தும்பின் தூள்) மூன்றையும் சம அளவில் கலவுங்கள். தும்புச்சோற்றில் உப்பிருக்கும், இரண்டு மூன்று தரம் தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே சேர்க்கவேண்டும். மேலே இரண்டு அங்குலத்துக்கு வைக்கோலோ காய்ந்த இலையோ மூடுங்கள். எங்கள் தோட்டக்காரர் பனையோலையையும் பூவரசங்குழையையும் மண்ணுக்குள் தாழ்ப்பது வெறும் பசளைக்காக மட்டுமல்ல, ஈரம் நிற்பதற்காகவும்தான். சாடிக்கும் அதே நியாயம்தான்.

தண்ணீர் காலையில், அடித்துளையால் வடியும்வரை. வெயிலில் கிடந்த குழாயின் முதல் தண்ணீர் கொதிக்கும், அதை வெளியே விட்டுவிட்டு ஊற்றுங்கள். குடாநாட்டுக் கிணறுகளில் இருப்பது சுண்ணாம்புக்கல்லில் ஊறும் தண்ணீர். சில இடங்களில் உவரும் சேரும். சாடி விளிம்பில் வெள்ளையாகப் படிவது அதுதான். மாதம் இரண்டு தரம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், சுண்ணாம்பால் இரும்புச்சத்து கிடைக்காமல் போயிருக்கும் என்று முதலில் சந்தேகப்படுங்கள். யூரியாவைக் கொட்டினால் இது தீராது. ஒரு கைப்பிடி கூட்டெரு போடுங்கள், முடிந்தால் மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றுங்கள்.

இனி மாதம். தக்காளி இரவுக் குளிர்ச்சி கேட்கும் பயிர். இரவும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும், எந்த உரமும் அதைத் தடுக்காது. ஐப்பசியில் விதை போட்டு, கார்த்திகைக் கடைசியில் நாற்றைச் சாடிக்கு மாற்றினால் தை மாதக் குளிரில் பூத்துக் காய்க்கும். கத்தரியும் மிளகாயும் தக்காளியைவிட அதிகம் வெயில் தாங்கும். பங்குனி, சித்திரையில் புதிதாகத் தொடங்குவதென்றால் வெண்டி, பசளி, முளைக்கீரை போடுங்கள். வல்லாரையைத் தட்டியின் நிழலில் வையுங்கள்.

மாரியில் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சாடிக்கு அடியில் தட்டு வைக்கவே வேண்டாம். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டு, ஒரு கிழமை பத்து நாளில் பறக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், பொன்னாங்காணி. அடுத்த முறை தின்னவேலிச் சந்தையில் ஒரு பிடி வாங்கி, இலையை வறைக்கு ஆய்ந்தபின் தண்டுகளை எறியாதீர்கள். முற்றிய தண்டாகப் பார்த்து, இரண்டு கணு மண்ணுக்குள் போக நட்டு, ஒரு கிழமை நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். வேர் பிடித்துத் துளிர்த்ததும் செங்கல்லுக்கு மேல் ஏற்றிவிடுங்கள்.