டைம்ஷேர் ரிசார்ட்டுல (வருஷத்துல குறிப்பிட்ட வாரம் தங்குற உரிமைய காசு குடுத்து வாங்கினவங்கதான் அங்க மெம்பர், அதாவது ஓனர்) பக்கத்து ரூம் கும்பல் ராத்திரி 2 மணி வரைக்கும் ஆட்டம் போட்டா என்ன பண்றது?

நீங்களே போய் கதவைத் தட்டாதீங்க. சத்தம் ஓடிட்டு இருக்கும்போதே ரிசப்ஷனுக்கு போன் போட்டு செக்யூரிட்டிய அனுப்பச் சொல்லுங்க, காலைல போய் சொன்னீங்கன்னா "அப்படியா சார், பாத்துக்கறோம்"னு தலையாட்டிட்டு விட்டுடுவாங்க. புகாரை லாக் புக்ல எழுதச் சொல்லி, எழுதினவர் பேரு, நேரம் ரெண்டையும் குறிச்சு வெச்சுக்கோங்க.

4 ரூம்ல 20 பேர், நீச்சல் குளத்துல எல்லா சேர்லயும் காலைலயே துண்டு போட்டு இடம் பிடிக்கறாங்கன்னு நீங்க சொல்றத பாத்தா, அவங்க அனேகமா ஓனரே கிடையாது, யாரோ ஒரு மெம்பர் தன்னோட வாரத்த வாடகைக்கு விட்டிருப்பார். அங்க திரும்பி வரப்போறதில்ல, அதான் இந்த தைரியம்.

அதனால மெம்பர் ரூல்ஸ எடுத்து ரெண்டு விஷயம் பாருங்க: ஒரு யூனிட்ல (அதாவது ரூம்ல) எத்தன பேர் தங்கலாம், கெஸ்ட் பண்ற தப்புக்கு யார் பொறுப்பு. நிறைய இடத்துல ஓனர் தலையிலதான் விழும். சத்தத்தை விட ஆள் கணக்க சொன்னா மேனேஜர் சீக்கிரம் எழுந்திருப்பார், ஏன்னா அது தீ பாதுகாப்பு விஷயம், சமாளிச்சுப் பேச முடியாது.

இல்லேன்னா உங்களுக்கு வேற பிளாக்ல ரூம் கேளுங்க. தப்பு பண்ணினது அவங்க, மூட்டை தூக்குறது நாமளான்னு எரிச்சலாத்தான் இருக்கும், ஆனா தூக்கம் வரும்.

ஒண்ணு மட்டும், சத்தத்தை உங்க ரூம்ல இருந்தே ரெக்கார்ட் பண்ணுங்க, அவங்க முகத்தையோ குழந்தைங்களையோ வீடியோ எடுத்துடாதீங்க, அப்புறம் புகார் உங்க மேல திரும்பிடும். பணம் திரும்பக் கிடைக்கும்னும் நம்பி உக்காராதீங்க.