ஈரச் சுவரும் புதுப் பெயிண்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுச் சுவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. மறு ஆண்டே ஆள் வைத்து வெளிப்புறம் முழுவதும் எமல்ஷன் அடித்தோம். இப்போது தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பெயிண்ட் கொப்புளித்து, உப்புப் பூத்து உதிர்கிறது. மீண்டும் கூலி கொடுக்க வசதியில்லாததால் நானும் மகனுமே அடிக்கலாம் என்றிருக்கிறோம். விலை உயர்ந்த பெயிண்டாக வாங்கினால் நிற்குமா? எந்த மாதம் தொடங்கலாம்?
– வாசகி, கைலாசபுரம், திருநெல்வேலி

பதில்: தாராளமாக நீங்களே அடிக்கலாம். ஆனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயிண்டும் ஈரச் சுவரில் நிற்காது. செங்கல்லுக்குள் இருக்கும் நீர் அங்குள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு மேற்பூச்சுக்கு வருகிறது. வெயிலில் நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் பெயிண்டுக்கு அடியில் படிகமாக இறுகி, அதை உள்ளிருந்தே நெம்பித் தள்ளுகிறது. எனவே உங்கள் வேலையில் பெரும்பகுதி, பெயிண்ட் வாளியைத் திறப்பதற்கு முன்னால்தான் இருக்கிறது.

முதலில், ஈரம் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் சுவர் இன்னும் ஆறவில்லை. வெள்ளம் வடிந்து இத்தனை காலம் கழித்தும் ஈரம் இருக்குமானால், பழியை வெள்ளத்தின் மீது மட்டும் போட முடியாது. குளியலறைக் குழாய் கசிகிறதா, சுவரை ஒட்டிக் கொட்டிய மண் அடிமானத்துக்கு மேல் ஏறியிருக்கிறதா, பூச்செடிகளுக்கு விடும் தண்ணீர் சுவரோரம் தேங்குகிறதா என்று பார்த்து, அதைச் சரிசெய்த பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

பூத்திருக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து மீண்டும் உள்ளேதான் போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளிவிடுங்கள். பிறகு மூன்றடி உயரத்தையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். பொள்ளென்று ஓசை கேட்கும் இடங்களில் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்திருக்கிறது. அவற்றைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். அந்தக் கலவைக்கு உப்புச் சுவையுள்ள போர் தண்ணீரை எடுக்கக் கூடாது. புதுப் பூச்சுக்கு ஒரு வாரம் தண்ணீர் விட்டு, மொத்தத்தில் 28 நாள்களாவது ஆற விடுங்கள்.

பழைய பெயிண்ட் கெட்டியாக ஒட்டியிருக்கும் மேற்பகுதியில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு போல ஒட்டினால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிட்ட பின்னரே பிரைமர் அடிக்க வேண்டும். வெடிப்புகளை அடைக்க வெள்ளை சிமெண்ட் பட்டியையே வாங்குங்கள். உட்சுவருக்கான அக்ரிலிக் பட்டி மழையில் ஊறிக் கழன்றுவிடும்.

நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட பின் மார்கழி முழுவதும் சுவரைக் காயவிட்டு, தை பிற்பாதியில் தொடங்கிப் பங்குனி நடுவுக்குள் முடிப்பது நல்லது. சித்திரை வெயிலில் சுவர் சுடும்போது பெயிண்ட் பரவுவதற்குள் காய்ந்து, பிரஷ் தடம் அப்படியே நின்றுவிடும். எந்த மாதமானாலும் வெயில் படாத சுவராகப் பார்த்து அடியுங்கள்: மேற்குச் சுவரைக் காலையிலும், கிழக்குச் சுவரைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளலாம். மேலிருந்து கீழாக வாருங்கள். சுவரின் நடுவில் வேலையை நிறுத்தாமல், ஒரு மூலைவரை முடித்துவிட்டு நிறுத்தினால் ஒட்டு தெரியாது. இரண்டு கை (இரண்டு முறை) அடிக்க லிட்டருக்குச் சுமார் 50 முதல் 60 சதுர அடி என்று கணக்கிட்டு, எல்லா வாளிகளையும் ஒன்றாகக் கலந்துகொண்டால் நிறம் மாறாது.

மாடிச் சுவரை மட்டும் சாரம் கட்டத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். கீழ்த்தளத்திலும், மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் இருக்கும் பக்கத்தில் அலுமினிய ஏணியைச் சாத்தவே கூடாது. அம்மாவும் மகனுமாகச் செய்யும் வேலை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: ஆவணியில் மகள் திருமணம். ஆடியில் நாங்களே வெளிச்சுவருக்கு அடிக்கலாமா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்று உங்கள் ஊரில் மண்ணை வாரிக்கொண்டு வரும் காலம் அது. ஈரப் பெயிண்டில் அந்தத் தூசி படிந்தால் சுவர் சொரசொரப்பாகிவிடும், ஏணியும் நிற்காது. பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். அது தவறிவிட்டால், காற்றுக்கு மறைவான முன்வாசல் சுவரை மட்டும் தூசி போகக் கழுவி, நன்றாகக் காய்ந்த பின், தரையில் நின்றபடி எட்டும் உயரத்துக்கு அடித்துக்கொண்டு திருமணத்தை நடத்துங்கள்.

கேள்வி: எங்களுடையது தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை வீடு. இத்தனை வருடமாக வெள்ளையடித்தே வந்தோம். இந்த முறை எமல்ஷனுக்கு மாறலாமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: மாறாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. காரைச் சுவர் மழையில் கொஞ்சம் ஈரத்தை வாங்கி, வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். எமல்ஷன் அந்த வழியைப் பெருமளவு அடைத்துவிடுவதால், பெயிண்ட் பெயரும்போது பழைய காரையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். நீற்றிய சுண்ணாம்பை ஓர் இரவு ஊறவிட்டுத் துணியில் வடிகட்டி, பால் பதத்தில் கரைத்து, சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்த பின் மெல்லியதாக மூன்று கை அடியுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுத்தான் இறுகும். ஒரே கையில் திக்காக அடித்தால் மேலாக மட்டும் இறுகி, உள்ளே மாவாக உதிரும். ஒவ்வொரு கைக்கும் இடையில் ஒரு நாள் விடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டே அடியுங்கள். கண்ணில் தெறித்தால் கசக்காமல், நல்ல தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.